வேடியப்பன் பார்த்த எமன்

அடி அண்ணாமலையில் கரும்பு ஜூஸ் வண்டி போட்டிருக்கும் வேடியப்பனிடம் ஜூஸைவிடக் கதை ஜாஸ்தி. அதிலும் எமன் கதை. கல்யாணத்துக்கு முன்னால் அவனுக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தது. முடிந்த பிறகும் வெகுநேரம் அவன் அசையவில்லை. மூச்சைக்கூட மெஷின்தான் விட்டது. அப்போது எமன் எருமையோடு வந்தானாம். பௌர்ணமிக் கூட்டத்தில் எருமை நகர முடியாமல் சிக்கிக்கொள்ள, "அப்புறம் பாத்துக்கலாம், போடா" என்று விட்டுவிட்டானாம். கிரிவலம் வருகிறவர்கள் இன்னொரு கிளாஸ் வாங்கிக்கொண்டு கேட்பார்கள். மனைவி பொன்னி நம்பியேவிட்டாள்.

மகள் எழிலுக்கு டான்சில் ஆபரேஷன் என்றானதும், மயக்க மருந்து டாக்டர் மதிவதனி பெற்றோரைக் கூப்பிட்டுக் கேட்டார்: "உங்க குடும்பத்துல யாருக்காவது மயக்க ஊசி போட்டு பிரச்சனை ஆயிருக்கா?"

"இவரு எமனையே பாத்துட்டு வந்தவருங்க" என்றாள் பொன்னி பெருமையாக.

வேடியப்பன் தொண்டையைச் செருமினான். "எருமைன்னா எருமை மேடம், இம்மாம் பெருசு..."

"எருமையை விடுங்க. நடந்ததை மட்டும் சொல்லுங்க. உள்ளுக்குள்ள நினைவு இருந்துச்சா?"

அவன் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தான். மகள் விஷயம், வேறு வழியில்லை. "இருந்துச்சுங்க. பேசறதெல்லாம் காதுல வுழுந்துச்சு. ஒரு வெரலக்கூட தூக்க முடியல. ரொம்ப பயந்துட்டேன்."

"அப்போ எமன்?" என்றாள் பொன்னி.

"வார்டு பாய்தான். மீசை கொஞ்சம் பெருசு."

டாக்டர் சிரிக்கவில்லை. "தசையைத் தளர்த்த ஒரு ஊசி போடுவாங்க. சில நிமிஷத்துல அதோட வேகம் போயிடணும். சில குடும்பங்கள்ல அதை உடம்பு சீக்கிரம் கரைக்காது. பொண்ணுக்கும் அப்படி இருக்கலாம். அந்த மருந்து வேணாம், வேற இருக்கு. நல்லவேளை சொன்னீங்க."

அப்பா, மகள் இருவரிடமும் ரத்தம் எடுத்தார்கள். ஆபரேஷன் வேறு மருந்தோடு நடந்தது. எழில் சமத்தாகக் கண் விழித்து, தொண்டை வலிக்கிறது என்று அப்பாவை ஒரு கிள்ளு கிள்ளினாள்.

டாக்டர் சந்தேகப்பட்டபடியே ரிசல்ட் வந்தது, இருவருக்கும். கூடப்பிறந்தவர்களும் பார்த்துக்கொள்வது நல்லது என்றார். வேடியப்பன் அன்றைக்கே கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறினான். வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பறித்துக்கொண்டிருந்த அக்கா அருணாதேவி சீறினாள்: "எனக்கு இன்னாடா கொறைச்சல்? ரத்தம் எடுக்கணுமாம்!"

"ஒரு ஊசிதான்கா. வா, போற வழியெல்லாம் கதை சொல்றேன்."

"அதுக்குத்தான்டா வரமாட்டேன்றேன்" என்று சொல்லிக்கொண்டே அவள் கையைக் கழுவினாள்.