குசினி ஆணியில் முன் பிரேக்

துறைமுக வீதியில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் எண்ணெய்ப் புகை மூக்கில் ஏறியதும் என் வலக்கை விரல்கள் தாமாக மடங்கின.

எங்கள் கடலோர ஊரான சல்லியில் அப்பாவும் சித்தப்பாவும் மோட்டார் சைக்கிள் பந்தயக் குழு தொடங்கியபோது நான் சிறுவன். வீட்டில் எழுதத் தெரிந்தவன் நான் மட்டுமே. பெற்றோல் தாங்கியில் ‘சல்லி அலை’ என்று குழுவின் பெயரை எழுதினேன். படகு எஞ்சின் திருத்தும் அப்பா மெக்கானிக், ஓட்டுபவர் சித்தப்பா. முதல் வருடப் போட்டிகள் கடற்கரை ஈரமணலில் நடந்தன. மணலில் முன் பிரேக் பிடித்தால் வண்டியின் முன் சில்லுப் புதைந்து ஆளைத் தூக்கி எறியும். ஆகவே அப்பா அதைக் கைப்பிடியோடு கழற்றி, சமையல் நடக்கும் குசினிச் சுவர் ஆணியில் மாட்டினார்.

"பிடிக்கப் பிரேக் இல்லாட்டி இவன் பயப்படவும் ஏலாது" என்று சித்தப்பாவைக் காட்டிச் சிரித்தார். எல்லாப் போட்டியும் வென்றோம்.

அடுத்த வருடம் முதன்முறையாகத் தார்ப்பாதையில் போட்டி. எஞ்சினை முழுதாகப் பிரித்துப் பூட்டிய அப்பா, பிரேக்கைத் திரும்பப் பூட்ட மறந்தே போனார்; பூட்டியிருப்பார் என்றே சித்தப்பா நம்பினார். முதல் வளைவில் சித்தப்பாவின் விரல்கள் வெறுங்காற்றைப் பற்றியதைக் கண்டேன். வண்டி நேரே மதிலில் மோதியது.

அவரிடம் ஓடினோம். கால் நசுங்கிக் கிடந்தவர் கேட்டார்:

"அண்ணை, பிரேக் எங்க?"



அது இன்றும் அதே ஆணியில் தொங்குகிறது. சித்தப்பா ஊன்றுகோலோடு சாப்பிட வரும்போது, அப்பா அந்தச் சுவருக்கு முதுகு காட்டியே உட்காருகிறார்.