சரசு அக்கா வைத்த கடைசி அடை

முதல் ஷிப்ட் முடிந்து ஓசூர் பேருந்தில் ஏறும்போது சரசு அக்காவின் கணவர் அழைத்தார். "உங்கக்கா போயிட்டாப்பா" என்றார். மஞ்சள்காமாலையில் படுத்திருந்த அக்கா முந்தின நாள்தான் மருத்துவமனையிலிருந்து என்னிடம் பேசியிருந்தார். தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "முட்டை குளுந்துரக் கூடாதுடா தம்பி, பாத்துக்க" என்றார்.

நம் கோழி வளர்ப்போர் வாட்ஸ்அப் குழுவில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. நான் அவருடன் தொழிற்சாலையில் ஒரே லைனில் வேலை பார்த்தவன், பக்கத்து போர்ஷனில் இருப்பவன். அக்கா மொட்டை மாடியில் தூய வெள்ளைப் போலிஷ் இனக் கோழிகளை வளர்த்தார். கொண்டை கண்ணை மறைக்கிறதென்று மகளின் ரப்பர் பேண்டை எடுத்து ஒவ்வொன்றுக்கும் கட்டிவிடுவார். "ஜடை போட்டாச்சா?" என்று வீட்டு ஓனர் கன்னடத்தில் சீண்டினால், "உங்களுக்குப் போடலாம்னா முடியில்லையே" என்று கன்னடத்திலேயே திருப்பிக் கொடுப்பார்.

இந்தக் கோடையில் வெள்ளைக்கழிச்சல் நோய் வந்து கோழிகள் செத்து மாடியே காலியானது. கடைசிச் சேவலை மடியில் கிடத்திக்கொண்டு, "இவன் வாரிசு ஒண்ணு வந்தாப் போதும்டா" என்று அழுதார். நோய்க்கு முன்பே எடுத்துவைத்த முட்டைகள் கொஞ்சம் இருந்தன. போலிஷ் கோழிகளை நம்பி அடைவைக்க முடியாது. யார் முட்டையானாலும் அடைகாக்கும் சில்க்கிக் கோழி ஒன்று மாடிப்படிக்கு அடியில் தனியே இருந்தது. அதற்கு அடியில் வைத்தார். "கோழிக்குஞ்சுக்கு நம்ம பாசமெல்லாம் தெரியாது, சூடு மட்டுந்தான் தெரியும்" என்பார். அப்புறம் அவரே படுத்துவிட்டார்.

உடலை எடுத்ததும் வீட்டைக் கழுவிவிடுவது வழக்கம். ஆண்கள் சுடுகாட்டுக்குப் போய்த் திரும்பியபோது படிக்கட்டெல்லாம் ஈரம். அடைக்கூடையைக் கழுவி வெயிலில் கவிழ்த்திருந்தார்கள். கோழி காலில் கயிற்றோடு வாசலில் நின்றது. சாமல்பட்டியிலிருந்து வந்திருந்த அக்காவின் மாமியார் ஒரு தட்டை நீட்டினார்.

"ஒண்ணுகூட ஒடையாம கழுவி வெச்சிருக்கேன் சாமி. அவ உசுரா வெச்சிருந்தாளே."

முட்டைகள் சில்லென்றிருந்தன. "நல்லதும்மா" என்று வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய் அழுதேன்.

முட்டைகளைக் கூடையில் திரும்ப வைத்ததும் கோழி மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தது. பொரிக்க வேண்டிய நாள் தாண்டியும் ஒன்றும் பொரியவில்லை. முட்டைகளை நானே எடுத்துப் புதைத்தேன். அக்காவின் வெள்ளை வம்சம் அதோடு முடிந்தது.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சில்க்கிதான். இரை தின்ன மட்டும் எழுந்து வருகிறது, மறுபடி வெறுங்கூடையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அடைகாக்கும் வேகம் தெளிய அதைத் தண்ணீரில் முக்கி எடுக்கச் சொல்கிறீர்கள் குழுவில். சரியான யோசனைதான். ஆனால் அந்தக் கூடைப் பக்கம் இன்னொரு முறை தண்ணீரோடு போக எனக்கு மனம் வரவில்லை.