மில் மைதானத்தில் அக்கா

பேரன் கொண்டுவந்த புதுப் பந்தின் ரப்பர் வாசனை, ராஜபாளையத்தில் மில்லுக்குப் பின்னால் இருந்த, இப்போது கல்யாண மண்டபமாகிவிட்ட கூடைப்பந்து மைதானத்துக்கு என்னை இழுத்துப் போனது. சாயங்காலம் தண்ணீர் தெளித்துச் சுண்ணாம்புக் கோடு போட்ட செம்மண்ணில், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அக்கா எறியும் பத்தில் எட்டு வளையத்துக்குள் விழும்.

"ஏலே, நீ பந்து பொறுக்கத்தான் லாயக்கு" என்பாள்.

அவள் பையன்களோடு ஆடுவதைப் பொறாமையில் நான்தான் அப்பாவிடம் சொன்னேன். அன்றோடு அவளுடைய ஆட்டம் நின்றது. நானோ போலீஸ் அணிக்காகப் பதினான்கு வருஷம் ஊர் ஊராக ஆடி ஓய்வு பெற்றேன்.

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன்.

"இப்பச் சொல்லுதியே, நான் என்னலே செய்யட்டும்? போய் ஆடவா?" என்றாள்.

கோபத்தில் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். உண்மையாகவே கேட்டாள்.