பின்சீட்டு காயவில்லை

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் ஒரகடம் பக்கம் வந்தால் சந்தனமாரியின் நீல ஸ்கூட்டரை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள். விற்றுத் தொலை என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். முடியாது என்றுவிட்டாள். இன்றைக்கும் அதைத்தான் ஓட்டுகிறாள்.

சந்தனமாரிக்கு ஊர் சாத்தான்குளம் பக்கம். ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் லைன் வேலை. வார லீவு வந்தால் ஹாஸ்டலில் மற்ற பெண்கள் தூங்குவார்கள், துணி துவைப்பார்கள். இவள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். தனியாகத்தான். துணைக்கு போன்.

அந்த போனில் ஊர்சுற்றுகிறவர்களுக்கான ஆப் எல்லாம் ஏற்றி வைத்திருந்தாள். சிக்னல் இல்லாத இடத்திலும் வழி சொல்லும் மேப். சுத்தமான கழிப்பறை எங்கே இருக்கிறது என்று காட்டும் ஆப். மழை வருமுன் கத்துகிற ஆப். எல்லாவற்றையும்விட அவளுக்குப் பிடித்தது மொழிபெயர்க்கிற ஆப். எந்த எழுத்தின் மேல் கேமராவைப் பிடித்தாலும் திரையில் தமிழாகிவிடும். தமிழில் பேசினால் கேட்ட மொழியில் திருப்பிப் பேசும், சிக்னல் இல்லாவிட்டாலும். பக்கத்துக் கட்டில் மினதி ஒடிசாக்காரி. இருவரும் சிநேகமானதே அந்த ஆப்பால்தான்.

"பொம்பளப் புள்ள தனியா சுத்தினு கீறியே, பயமா இல்ல?" என்பாள் வார்டன் ஷாரோன்.

"பயந்துட்டு உக்காந்திருந்தா ஊரு தேடி வருமாக்கா?" என்பாள் இவள்.

போன கார்த்திகை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மணிமங்கலம் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். மேப் ஒரு ஏரிக்கரைக் குறுக்குப் பாதையைக் காட்டியது. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. எதிரே வண்டி தெரியாத மழை. கரைக்குக் கீழே, பள்ளத்தில், ஒரு தகர ஷெட் தெரிந்தது. ஷட்டர் பாதி ஏறியிருந்தது. வண்டியோடு உள்ளே நுழைந்துவிட்டாள்.

உள்ளே யாரும் இல்லை. கிழிந்த பாய்கள். ஒரு அலுமினியத் தட்டு. கூலியாட்கள் தங்கியிருந்த இடம்போல. மூன்று பக்கமும் செங்கல் சுவர். அதில் கரியால் ஏதேதோ எழுதியிருந்தது. வட்டம் வட்டமான எழுத்து. மினதியின் நோட்டில் பார்த்திருக்கிறாள். ஒடியா.

மழை விடும்வரை பொழுது போக வேண்டுமே. போனை எடுத்து, ஆப்பைத் திறந்து, சுவரில் காட்டினாள்.

முழங்கால் உயரத்தில் ஒரு வரி. திரையில் தமிழ் வந்தது.

'மழை நிற்கவில்லை.'

இவளுக்குச் சிரிப்பு வந்தது. இன்றைக்கும்தான் நிற்கவில்லை. போனைக் கொஞ்சம் உயர்த்தினாள். இடுப்பு உயரத்தில் இன்னொன்று.

'பூட்டைத் திறங்கள்.'

சிரிப்பு நின்றது. நெஞ்சு உயரத்தில் எழுத்து கோணலாக இருந்தது. அவசரமாக எழுதியதுபோல.

'தண்ணீர் ஏறுகிறது. யாராவது...'

அப்போதுதான் சுவரைச் சரியாகப் பார்த்தாள். சேறு காய்ந்த கறை. அவள் தலைக்கு மேலே ஒரு முழம் வரை சுற்றிலும் ஒரே மட்டமாக.

கறைக்கு மேலே எழுத்து எதுவும் இல்லை. கண்ணால் பார்த்தால் வெறும் சுவர். ஆனாலும் கை தானாகப் போனை உயர்த்தியது.

திரையில் வரி இருந்தது.

'யார் நீ?'

போனை இறக்கினாள். வெறும் சுவர். உயர்த்தினாள்.

'நீ இங்கே இரு. நான் போகிறேன்.'

சர்ர்ர்ர்... டமார்!

ஷட்டர் விழுந்தது.

கும்மிருட்டு. போன் வெளிச்சம் மட்டும். காற்றுதான், காற்றுதான் என்று சொல்லிக்கொண்டு ஓடிப்போய் ஷட்டரைத் தூக்கினாள். அசையவில்லை. போனில் சிக்னல் இல்லை. காலடியில் சில்லென்று ஏதோ பட்டது. தண்ணீர். கணுக்கால் வரை.

பின்னால்... யாரோ மூச்சு வாங்கினார்கள்.

சளக்.

நடை.

சளக்... சளக்...

அவள் இடத்தில் வேறு யாராக இருந்தாலும் மயங்கி விழுந்திருப்பார்கள். சந்தனமாரிக்கும் பயம்தான். ஆனால் அதற்கும் மேலே கோபம் வந்தது. ஷட்டரில் முதுகைச் சாய்த்தாள். ஆப்பில் மைக்கை அழுத்தினாள்.

"ஏல, நில்லு! ஒன்னையப் பூட்டுனது நானா? பூட்டுனவன்கிட்ட போயி ஒன் கோவத்தக் காட்டு. நான் இங்க இருக்க முடியாது, கேட்டியா? நீயும் இருக்காண்டாம். பின்னால ஏறு. சேந்து போவோம்."

அந்த நெல்லைப் பேச்சு ஆப்புக்கு எவ்வளவு புரிந்ததோ. அதற்குள் இருக்கும் பெண்குரல், ஒரு பதற்றமும் இல்லாமல், அந்த இருட்டைப் பார்த்து ஒடியாவில் பேசி முடித்தது.

நடை நின்றது.

மழைச் சத்தம் மட்டும்.

பிறகு... வெளியே.

கிளிக்.

பூட்டில் சாவி திரும்பும் சத்தம்.

ஷட்டர் மெல்ல ஏறியது. வெளிச்சம் உள்ளே வந்தது. தரை காய்ந்து கிடந்தது. மழை விட்டிருந்தது. வெளியே ஆள் இல்லை.

வண்டியைக் கிளப்பினாள். கரை ஏறும்போது பின்பக்கம் இறங்கித் தாழ்ந்தது. பெரிய ஆள் ஒருவர் உட்கார்ந்ததுபோல. அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

மெயின் ரோட்டில் நாகப்பனின் டீக்கடையில்தான் நிறுத்தினாள். உள்ளூர்க்காரர். விஷயத்தைச் சொன்னதும் அவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"அந்த ஷெட்டாம்மா? அதான் பூட்டிக் கீதே! மூணு வருசம் முன்னாடி ஏரி ஒடச்சிகினு வந்துச்சில்ல, அன்னில இருந்து யாரும் தொறக்கல. வாட்ச்மேன் யாக்கோபு சாவியோட காப்பர் ஒயரையும் சுட்டுகினு ஓடிட்டான்னு காண்ட்ராக்டர் சொன்னாரு. அவன் பொண்டாட்டி ராஜம்மாவ ஊரே திருடன் பொண்டாட்டின்னு பேசுது."

"உள்ள ஆளு இருந்தாவளா?"

"எல்லாரும் ஊருக்குப் போய்ட்டாங்கன்னு சொன்னாரு."

ஹாஸ்டலில் மினதியிடம் போனைக் கொடுத்தாள். காதில் விழுந்ததை எல்லாம் ஆப் சேமித்து வைக்கும். சந்தனமாரி பேசியதற்குக் கீழே இன்னொரு பதிவு இருந்தது. மினதி அதை அழுத்தினாள். தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல ஒரு ஆண்குரல்.

மினதியின் முகம் வெளுத்தது. "எங்க ஊர் பேச்சு அக்கா. 'சரி, பின்னாடி உக்காந்துக்கறேன்' சொல்றான்."

மினதி போனைக் கட்டிலில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"அக்கா... அவன் எறங்கிட்டானா?"

கீழே போய்ப் பார்த்தார்கள். வண்டி போர்டிகோவில் நின்றது. முழுக்கக் காய்ந்திருந்தது. பின்சீட்டிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஷாரோன் சிலுவை போட்டுக்கொண்டாள். "பாஸ்டரக் கூப்ட்டு ஜெபம் பண்ணலாம். வண்டிய வித்துடு."

"ஏறச் சொன்னது நாந்தானேக்கா. எறக்கி விடுததும் நாந்தான்."

மறுநாள் காலையில், ஒரு ஆளின் பாரத்தோடு, பூந்தமல்லி வழியாக சென்ட்ரல் வரை ஓட்டினாள். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் வண்டி அடி தட்டியது. ஸ்டேஷன் வாசலில் நிறுத்தி, மைக்கை அழுத்தி, "ஒங்க ஊரு ரயிலு இங்கதான் பொறப்படும். எறங்கு ராசா" என்றாள். ஆப் பேசியது.

வண்டி லேசானது. சீட் அன்றைக்குக் காய்ந்தது.

இதோடு முடிந்திருக்கலாம். அவள் விடவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள், துரத்தினார்கள். மறுபடி போனாள். கடைசியில் லாரி நிறுத்தும் இடத்துக்காக அந்த ஷெட்டை இடித்தபோது, தரைக்கு அடியில் ஒரு ஆளின் எலும்புகள் கிடைத்தன. காண்ட்ராக்டரைப் பிடித்தார்கள். உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் பூட்டிவிட்டோம், தண்ணீர் வடிந்ததும் இன்னொரு சாவியால் திறந்து பார்த்து, பயந்து புதைத்துவிட்டோம் என்றான். கேஸ் முடிந்தது, மண்ணைப் போட்டு நிரவுங்கள் என்றார்கள்.

சந்தனமாரி ஸ்கூட்டரை ஜேசிபிக்கு முன்னால் குறுக்கே நிறுத்தினாள்.

"உள்ள ஒருத்தன்தான் இருந்தான். அப்ப வெளிய இருந்து தொறந்தது யாரு? வாசல்லயும் தோண்டுங்க."

காண்ட்ராக்டரின் ஆள் சிரித்தான். "பேய் சொல்லிச்சா?"

"பேயி சொல்லல. நான் சொல்லுதேன். தோண்டாம இந்த வண்டி நகராது."

வெயில் ஏறியது. அவள் நகரவில்லை. சேதி கேட்டு ராஜம்மா வந்தாள். ஸ்கூட்டரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொண்டு, தோண்டச் சொன்னார்.

ஷட்டர் வாசலை ஒட்டிய வடிகாலில், இடுப்பளவு வண்டலுக்குக் கீழே, யாக்கோபு இருந்தான். காக்கிச் சட்டையும் பெல்ட்டும் வைத்து ராஜம்மா அடையாளம் சொன்னாள். ஏரி உடைந்த அன்று அவன் ஓடியது ஊரைவிட்டு இல்லை. பூட்டைத் திறக்க ஓடியிருக்கிறான்.

விரல் எலும்புகள் மடங்கியபடியே இருந்தன. போலீஸ்காரர் ஒவ்வொன்றாகப் பிரித்தார். உள்ளே சாவி.

பெல்ட் கொக்கி துருப்பிடித்து உதிர்ந்தது. சட்டைப் பொத்தான்கள் மக்கிப் போயிருந்தன. மூன்று வருடம் சேற்றில் கிடந்த அந்தச் சாவியின் பற்கள் மட்டும் பளபளவென்று இருந்தன... சமீபத்தில்தான் யாரோ பூட்டில் போட்டுத் திருப்பியதுபோல.