மீனாம்பாளுக்கு ஒரு மரத்தரை

மீனாம்பாள் முதுகைச் சுவருக்குக் கொடுத்து உட்காரத் தொடங்கி ஒரு மழைக்காலம் முடியப் போகிறது. சோறு தின்பது சுவரோரம், காய் நறுக்குவது சுவரோரம். சாமி கும்பிடும்போதுகூட ஒரு கண் வாசலில் இருக்கும். அந்தக் கண்ணைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் கணவர் கரியமாணிக்கத்தின் நெஞ்சை யாரோ ஈரத்துணியைப் போலப் பிழிவார்கள்.

எப்படி இருந்தவள் அவள்! சைகோன் கைமாறிய எழுபத்தைந்தில் செட்டிமார் ஒவ்வொருவராகப் பெட்டியைக் கட்டியபோது, போகாமல் தங்கிவிட்ட ஒருவருடைய மகன் கரியமாணிக்கம். பிறகு பல ஆண்டு கழித்து, தேவகோட்டையிலிருந்து அவருக்கு மனைவியாக வந்து இறங்கினாள் மீனாம்பாள். ஒரு சொல் வியட்நாமியம் தெரியாது. சந்தையில் மீன்காரிகளோடு சண்டை போட்டே அந்த மொழியைக் கற்றுக்கொண்டாள். பென் தான் என்ற பெரிய சந்தைக்குப் பின்னால் கணவர் வைத்திருந்த மல்லி, மிளகு, ஊதுபத்திக் கடையில் அவள் குரல் கேட்டால்தான் வாடிக்கையாளர் உள்ளே வருவார்கள் என்று பேச்சு.

ஒரு மூளைக்காய்ச்சல். உயிரை விட்டுவைத்து, இரண்டு காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

கணவரும் மகளும் பேசும் தமிழை உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள். ஏற்றியும் இறக்கியும் பேசுகிற வியட்நாமியம் உதட்டில் பிடிபடவில்லை. முக்கியமானதைக் கரியமாணிக்கம் சிலேட்டில் எழுதிக் காட்டுவார். அப்படியே பழகிக்கொண்டிருந்தாள், பாவம். அந்த மத்தியானம் மட்டும் வந்திராவிட்டால்!

அடுப்பில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தவள், தட்டை எடுக்கத் திரும்பினாள். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு முரடன் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ! அவள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு அவன் ஓடிவிட்டான். அவளை அவன் தொடக்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் முதுகு அவளுக்குச் சொந்தமில்லாமல் போனது. அடுப்புக்கு மேலே ஒரு கண்ணாடி மாட்டிக் கொடுத்தார் கரியமாணிக்கம். சோறு கொதிக்கையில் ஆவி படிந்து அதுவும் குருடாகிவிட்டது.

"என்னைய எங்க அண்ணன்கிட்ட அனுப்பிருங்க" என்றாள் ஒரு நாள். தன் குரல் தனக்கே கேட்காததால், அவள் பேச்சு இப்போதெல்லாம் உரக்கவும் தட்டையாகவும் வந்தது. "அங்கன வீடு நெறைய ஆளு இருக்கு. இங்க நீங்க கடைக்குப் போனா நான் சாகுறேன். தெனமும் சாகுறேன்."

"பொங்கல் வரைக்கும் பொறு மீனா" என்று அவர் உதட்டை அசைத்தார். அதற்குள் என்ன செய்யப் போகிறோம் என்று அவருக்கே தெரியாது.

மகள் வள்ளியம்மை நகரின் புதுப் பகுதியான பூ மி ஹங்கில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தாள். "அப்பச்சி, ஆத்தாள எங்கூட விடுங்க. வாட்ச்மேன் இருக்காரு, கேமரா இருக்கு" என்றாள்.

"அங்கயும் சுவத்துல சாஞ்சுதானே உக்காருவா? எடம் மாறும், பயம் மாறுமா?"

வழி காட்டியது மாதலேன் வீட்டு விருந்து. மாதலேன் புதுச்சேரிக் குடும்பத்துப் பெண்மணி, மீனாம்பாளின் பழைய சிநேகிதி. பழைய பிரெஞ்சுக் கட்டடம் ஒன்றின் மாடியில் தனியாக இருந்தாள். மீனாம்பாள் சன்னலோரம் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து கரியமாணிக்கம் அறைக்குள் நுழைந்தார். அவர் நெருங்கும் முன்பே அவள் திரும்பினாள்.

திடுக்கிடவில்லை. சிரித்தாள்!

"எப்படித் தெரிஞ்சுச்சு?"

"கால்ல தெரிஞ்சுச்சு" என்றாள் மீனாம்பாள், தன் பாதங்களையே அதிசயமாகப் பார்த்துக்கொண்டு.

"பழைய பார்க்கே ஆச்சே மிஸ்யே" என்றாள் மாதலேன் பிரெஞ்சு கலந்து, அந்த மரப்பலகைத் தரையைக் குதிகாலால் தட்டி. "எலி ஓடினாகூடக் கட்டில் அதிரும். இத மாத்தணும், மாத்தணும்னு நான் கெடந்து அடிச்சிக்கிறேன், நீங்க ரெண்டு பேரும் இதைப் பார்த்துச் சிரிக்கிறீங்களே!"

மறுநாளே கரியமாணிக்கம் சீனர்கள் வாழும் சோலோன் பகுதிக்குப் பேருந்து ஏறினார். மரக்கடைக்காரி ஃபுங் சீனத்து வம்சம், வாய்க்குப் பூட்டில்லாதவள். விதவிதமான பலகைகளை விரித்துப் போட்டாள். கீழே ஃபோம் விரிப்பு ஒட்டிய பலகை ஒன்றில் ஏறி நின்று குதித்தும் காட்டினாள்.

"பாருங்க ஐயா, இதுல நடந்தா பூனைக்குக்கூடத் தெரியாது."

"எனக்கு அது வேண்டாம்மா. நடந்தா தெரியணும். வீடு முழுக்கத் தெரியணும்."

ஃபுங் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "சோய் ஓய்! ஊரெல்லாம் சத்தம் வராத தரை கேக்குது, நீங்க சத்தத்துக்குக் காசு குடுக்க வந்திருக்கீங்க. குடிச்சுட்டு வீட்டுக்கு வர்ற ஆளா? சம்சாரம் சொல்லி அனுப்பிச்சாங்களா?"

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கரியமாணிக்கமும் சிரித்தார். பிறகு விஷயத்தைச் சொன்னார். ஃபுங்கின் சிரிப்பு அடங்கிப்போனது. மெல்லத் தானே குனிந்து, ஃபோம் பலகையை ஓரமாக நகர்த்தினாள். இரண்டு ரீப்பர்க் கட்டைகளை இடைவெளி விட்டுப் போட்டு, அவற்றின் மேல் ஒவ்வொரு மரமாக வைத்தாள்.

"செருப்பைக் கழட்டிட்டு இந்தக் கோடியில நில்லுங்க. நான் அந்தக் கோடியில மிதிக்கிறேன். எது உங்க கால்ல பேசுதோ, அதை எடுங்க."

தேக்கு மென்மையாகப் பேசியது. காம் ஸே என்ற செம்மரம் கனத்த குரலில் பேசியது. கரியமாணிக்கம் அந்தக் கனத்த குரலையே எடுத்தார். ஆனால் அது அவருடைய வலது காலில் மட்டும்தான் பேசியது. இடது கால் எதுவும் சொல்லவில்லை. சர்க்கரை வியாதி அந்தக் காலைக் கொஞ்சம் கொஞ்சமாக மரக்க வைத்துக்கொண்டிருந்தது. அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்கு இருப்பதே பெரிய பாரம். இதை வேறு அவள் தலையில் ஏற்றுவதா?

பேருந்து நிறுத்தத்தில்தான் இடது காலில் செருப்பில்லை என்று பார்த்தார். கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார், கால் சொல்லவில்லை. திரும்பிப் போய் எடுத்துக்கொண்டார். "செருப்பையும் சேர்த்து வித்துட்டீங்கன்னு நினைச்சேன்" என்றாள் ஃபுங்.

மழை நின்ற பிறகே தரை போட வருவேன் என்று தச்சர் தூ பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். பலகைகளை மட்டும் முன்னதாக அனுப்பி, கூடத்தில் அடுக்கி வைக்கச் சொன்னார். மரம் அந்த வீட்டுக் காற்றோடு பழக வேண்டுமாம். "பொண்ணு கேட்டு வந்த மாதிரி உக்காந்திருக்கு" என்று மீனாம்பாள்கூட ஒரு முறை சொன்னாள்.

பிறகு பூப்போட்ட பழைய சிமெண்டுக் கல் தரையின் மேல் ரீப்பர் இறங்கியது, அதன் மேல் பலகை இறங்கியது. தரை உயர்ந்துவிட்டதால் கதவுகளின் அடியை அறுக்க வேண்டியிருந்தது. சுவரோரம் விரல் நுழையும் இடைவெளி விட்டார் தூ, மரம் மூச்சு விட்டுக்கொள்ள. வேலை முடிந்து புறப்படும்போது, வாசலில் நின்று கரியமாணிக்கத்திடம் வியட்நாமியத்தில் சொன்னார்:

"தண்ணிதான் இதுக்கு எமன். ஒட்டப் பிழிஞ்ச துணியால துடைச்சாப் போதும். வீட்டம்மாகிட்ட சொல்லிருங்க."

"சொல்லிடறேன்" என்றார் கரியமாணிக்கம். சிலேட்டை எடுக்கத்தான் உள்ளே போனார். ஐயோ, அந்த நேரம் பார்த்துத்தான் மீனாம்பாள், சாமி மாடத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவள், திரும்பாமலே கேட்டாள்: "தச்சர் போயிட்டாரா? நடந்து வர்றது நீங்கதானே?"

அவர் கண்கள் நிறைந்து வழிந்தன. சிலேட்டு மறந்தது, எமன் மறந்தது.

அதன் பிறகு வந்த நாட்களைப் போல நாட்கள் அந்த வீட்டில் இருந்ததில்லை. வள்ளியம்மை வந்தால் "ஓடி ஓடி வர்றவ வந்துட்டா" என்பாள் மீனாம்பாள். அண்டை வீட்டுப் பூனைகூட அவளை ஏமாற்ற முடியவில்லை. சுவரை விட்டு ஒரு முழம், இரண்டு முழம் என்று அவள் பாய் நகர்ந்து நகர்ந்து கூடத்தின் நடுவுக்கே வந்துவிட்டது.

போகி வந்தது. நன்றி சொல்லத் தெரிந்த பெண் என்ன செய்வாள்? கரியமாணிக்கம் கடைக்குப் போன காலையில், பிறந்தது முதல் செய்துவந்ததையே செய்தாள். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, மஞ்சள் கரைத்து, அந்தத் தரையைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் கழுவிவிட்டாள். தண்ணீர் பலகை இடுக்குகளில் இறங்கிக் காணாமல் போனது. எவ்வளவு தாகம் இந்த மரத்துக்கு என்று நினைத்துக்கொண்டு இன்னும் ஊற்றினாள்.

பொங்கல் முடிவதற்குள் தரை எருமை முதுகாக மேலெழுந்துவிட்டது. கதவு திறக்கவில்லை. பலகைகள் ஒன்றையொன்று நெரித்துச் சுவரில் முட்டிக்கொண்டு கிடந்தன. நடந்தால் அதிர்வு எங்கெங்கோ சிதறியது. யார் வருகிறார்கள், எங்கிருந்து வருகிறார்கள் என்று அவள் பாதங்களுக்குப் புரியவில்லை.

மீனாம்பாள் மறுபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"தரைக்குக்கூட நான் ஆகல. டிக்கெட் போட்டுருங்க."

கரியமாணிக்கம் சிலேட்டில் எழுதினார்: 'தப்பு என்னுது. தண்ணி ஆகாதுன்னு தச்சர் சொன்னார். நான் உனக்குச் சொல்லல.' அவள் வாசித்தாள். உள்ளங்கையால் அழித்தாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, வெறும் சிலேட்டை அவர் மடியில் வைத்தாள். அதைவிட அவள் திட்டியிருக்கலாம்.

செய்தி கேட்டு வந்த தூ தலையில் அடித்துக்கொண்டார். "வீட்டையா கழுவினீங்க, கப்பலையா?" பிறகு மீனாம்பாள் இருந்த இருப்பைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். "கழட்டிருவோம். நிழல்ல காயட்டும். வெயில்ல வச்சா வெடிச்சிரும். காஞ்சு எது நேராகுதோ அதை வச்சு மறுபடி போடலாம். நேராகாததுக்குப் புதுப் பலகை."

பயணச்சீட்டு வாங்கியாயிற்று, மாசிக் கடைசிக்கு. பலகைகள் வீடு முழுக்கக் குச்சிகள் வைத்துக் காற்றோட்டமாக அடுக்கிக் கிடந்தன. முதல் இரண்டு நாள் மீனாம்பாள் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள், கடைக்குக் கிளம்பிய கரியமாணிக்கம் வாசலில் நின்றுவிட்டார். அவள் எழுந்து போய், ஒவ்வொரு பலகையாகப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். வடகத்தைப் புரட்டும் அதே கை. ஊருக்குப் போகிறவள் எதற்கு இதைச் செய்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவாளோ என்று பயம்.

தூ மறுபடி வந்து தரையைப் போட்டு முடித்த அன்று, கரியமாணிக்கம் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வந்தார். செருப்பை வெளியே விட்டார். உள்ளே மீனாம்பாள் அடுப்படியில், வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று ரசம் கூட்டிக்கொண்டிருந்தாள். அவர் நடந்தார். கூடத்தின் பாதி வந்தார். அவள் திரும்பவில்லை. முக்கால் வந்தார். திரும்பவில்லை.

தரை செத்துவிட்டது என்று நினைத்தார். அவள் போய்விடுவாள். இந்த ஊரும் இந்த வீடும் இனி யாருக்காக?

"எடது காலு இழுக்குது" என்றாள் மீனாம்பாள், திரும்பாமலே. "போகிக்கு முன்னாடியே லேசா இழுத்துச்சு. மரம்தான் புதுசுன்னு நெனச்சுக்கிட்டேன். இன்னைக்கு நல்லாவே இழுக்குது. எத்தனை நாளா இப்படி?"

"ஒண்ணுமில்ல மீனா" என்றார் அவர். சொல்லிவிட்டுத்தான், தன் பொய் அவள் முதுகுக்குக் கேட்காது என்பது உறைத்தது. பொய் சொல்ல வேண்டுமானால் அவள் முகத்துக்கு நேரே போய்ச் சொல்ல வேண்டும். அதற்கு அவருக்குத் தைரியம் வரவில்லை.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவரை உட்கார வைத்தாள். இடது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துப் பார்த்தாள். பெருவிரலுக்குக் கீழே குழிப்புண், ஓரமெல்லாம் கறுத்து. அவருக்கு வலிக்கவே இல்லை. வலித்ததெல்லாம் அவளுக்குத்தான். காது கேட்காத அந்தப் பெண் போட்ட அலறலில் சந்து முழுக்க ஓடி வந்தது.

மருத்துவமனையில் ஒரு விரலை எடுத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் காலே போயிருக்கும் என்றார் மருத்துவர். வள்ளியம்மை அதை ஆத்தாளுக்கு உதட்டசைவில் சொல்லிவிட்டு அழுதாள். மீனாம்பாள் அழவில்லை.

தேவகோட்டையிலிருந்து அண்ணன் அழைத்தபோது, கைப்பேசியை மகளிடம் கொடுத்துச் சொன்னாள்: "நான் வரலன்னு சொல்லு. உங்க அப்பச்சி நடக்குறத அங்கேருந்து எப்படிப் பாக்குறது?"

வீட்டுக்குத் திரும்பிய நாளில், கரியமாணிக்கத்தைச் சந்து முனையில் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, அவள் மட்டும் விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள்.

"ஆத்தா எங்க போறாக?" என்றாள் வள்ளியம்மை.

அவருக்குத் தெரிந்தது. கைத்தடியை ஊன்றி மெல்ல நடந்து போய்ப் படியேறினார். உள்ளே, அடுப்படியில், மீனாம்பாள் வாசலுக்கு முதுகைக் காட்டி, வெறுங்காலோடு அசையாமல் நின்றிருந்தாள். அவர் நடக்க நடக்க, அந்தப் புதுக் காலடியை, வலது கால், தடி, பிறகு தயங்கி வரும் இடது கால் என்று அவள் பாதங்கள் கற்றுக்கொண்டிருந்தன.

"வாங்க" என்றாள், திரும்பாமல். "மெதுவா வாங்க. நான் இங்கதான் நிக்கிறேன்."