சூளைக் கதவுக்கு வெளியே

இது நிஜமாக நடந்தது. நம்பாதவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கொன்றும் நட்டமில்லை. நடந்தது நடுராத்திரியில் இல்லை, சுடுகாட்டிலும் இல்லை. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில், போன வருஷம் வைகாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை மணி வெயிலில். நடந்தது மணிபாரதிக்கு. என்னோடு ஒரே ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவன். பேய் என்றால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். பேய் மட்டுமில்லை, தன்னைத் தவிர யாரைப் பார்த்தாலும் அவனுக்கு இளக்காரம்தான்.

அந்தக் கம்பெனியில் ஃபியூஸ் கேரியரும் கொலு பொம்மையும் செய்கிறார்கள். யாரோ வேலை நேரத்தில் இன்டர்நெட்டை உறிஞ்சுகிறார்கள் என்று முதலாளிக்குச் சந்தேகம். எந்த மெஷினிலிருந்து என்ன வருகிறது, எங்கே போகிறது என்று வேவு பார்க்கும் சாஃப்ட்வேர் ஒன்றை வாங்கிவிட்டார். ஐந்து மணிக்கு அதை விற்றவர்கள் சென்னையிலிருந்து லைனில் வந்து ஏற்றித் தருவார்கள். அதற்குள் பழைய சர்வரைச் சுத்தமாகத் துடைத்து, புதிதாக எல்லாம் போட்டு, தயாராக வைப்பது மணிபாரதியின் வேலை. ஏற்கெனவே இரண்டு இடத்தில் சொதப்பிவிட்டு வந்தவன். "இதுலயும் அஞ்சு மணியத் தாண்டுனா வூட்டோட இருந்துக்க" என்று எங்கள் மேனேஜர் சொல்லி அனுப்பியிருந்தார்.

சர்வர் இருந்த இடத்தைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. அது பழைய நிலக்கரிச் சூளை. புது கேஸ் சூளை வந்த பிறகு சும்மா கிடந்தது. இரண்டு முழச் சுவர், தூசு வராது, சூடும் வராது என்று முதலாளி அதற்குள் ஒரு ஏசியை மாட்டி சர்வரை வைத்துவிட்டார். வாசலில் கனத்த இரும்புக் கதவு. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும்தான்.

"செருப்ப வெளிய வுட்டுட்டுப் போங்க சார்" என்றார் செல்வநாயகி. பொம்மைக்குப் பூச்சுப் பூசும் பிரிவின் மேஸ்திரி. ஞாயிற்றுக்கிழமை சாவி அவரிடம்தான் இருக்கும்.

"ஏன், உள்ள சாமி இருக்குதா?"

"சாமி இல்லிங்க. உள்ள ஆளு இருக்குதுன்னு வெளிய தெரியணும். சூளைக்குள்ள போறவங்க அப்படித்தான் போவாங்க. செருப்பு கெடந்தா கதவத் தொட மாட்டோம்."

மணிபாரதி தன் ஷூவைப் பார்த்தான். ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய். இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தான். பொம்மை செய்கிறவர்கள் சட்டத்துக்கெல்லாம் அதை அவிழ்க்க முடியுமா?

கதவோரம் ஏற்கெனவே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. வார் அறுந்து, சிவப்பு ஒயரால் கட்டிய செருப்பு. "உள்ள வேற யாரு?" என்று கேட்டான்.

"யாரும் இல்லிங்க. அது கெடக்கட்டும்." செல்வநாயகி அவன் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

கதவைச் சாத்தினால்தான் ஏசிக் குளிர் உள்ளே தங்கும். செருப்பு கதவை இடித்தது. மணிபாரதி அதைக் காலால் எத்தினான். உடைந்த பீங்கான் குவியலில் போய் விழுந்தது. ஷூவோடு உள்ளே போய்க் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டான்.

வேலை சுளுவாகத்தான் நடந்தது. சர்வரைத் துடைத்தான். புதிதாகப் போட்டான். கடிகாரத்தைச் சரிசெய்தான். கம்பெனிக்குள் ஓடும் எல்லாத் தகவலிலும் ஒரு நகல் இந்த சர்வருக்கு வரும்படி, கேபிளெல்லாம் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்ச்சை மாற்றினான். மணி 4:05. நகல் சரியாக வருகிறதா என்று திரையில் ஓடவிட்டுப் பார்த்தான். அன்று விடுமுறை. ஓட வேண்டியது இரண்டே மெஷின். அவன் லேப்டாப், எண் 20. சர்வர், எண் 10.

மூன்றாவதாக ஒன்று ஓடியது. எண் 44.

நிமிடத்துக்கு ஒரு வரி. சின்னது. யாருக்கும் போகவில்லை, எல்லாருக்கும் போனது. தெருவில் நின்று 'யாராவது இருக்கீங்களா' என்று கேட்பதுபோல. எந்தப் பொம்மைக்காரனோ கம்ப்யூட்டரை அணைக்காமல் போயிருக்கிறான் என்று மணிபாரதி திட்டினான். ஸ்விட்ச்சிலிருந்து கேபிளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். ஆபீஸ் போனது. கிடங்கு போனது. கேமரா போனது. கடைசியில் சர்வர் கேபிள் ஒன்றுதான் மிச்சம்.

44 ஓடிக்கொண்டிருந்தது.

மணி 4:31. கதவில் 'டங்'கென்று ஒரு சத்தம். தாழ்ப்பாள்.

"ஏம்மா... உள்ள இருக்கேன்."

கதவைத் தள்ளினான். அசையவில்லை. போனில் சிக்னல் இல்லை.

4:33. விளக்கு போனது. ஏசி நின்றது. யாரோ வெளியே மெயினை அணைத்துவிட்டார்கள். யூபிஎஸ் மட்டும் கத்தியது. பீப்... பீப்... திரை வெளிச்சத்தில் 44 இப்போது நொடிக்கு ஒரு வரி.

கோபத்தில் கடைசிக் கேபிளையும் பிடுங்கினான். இனி அந்த சர்வருக்கு எங்கிருந்தும் எதுவும் வர முடியாது.

வரி நிற்கவில்லை.

அப்போதுதான் அவனுக்குப் பயம் வந்தது. முதல்முறையாக. சுவரில் கை வைத்தான். வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். செங்கல் சுட்டது. ஏசி நின்ற புழுக்கம் இல்லை அது... அடுப்புச் சூடு.

4:40. சர்வரின் முகப்பில் அறையின் சூடு தெரியும். 41 டிகிரி.

4:43. 58.

கதவைக் கையால் குத்தினான். லேப்டாப்பால் குத்தினான். கத்தினான். இரண்டு முழச் சுவர் எல்லாவற்றையும் விழுங்கியது.

4:46. 73.

மூச்சு முட்டியது. தரையில் சரிந்தான். காலடியில் ஏதோ உரசியது. எலி என்று நினைத்தான். பாதத்தை யாரோ மெதுவாகத் தூக்கி... மெதுவாக வைத்ததுபோல...

திரையில் 44 நின்றது.

4:50. கதவு திறந்தது.

வெயிலில் கண் கூசியது. செல்வநாயகி நின்றிருந்தார். அவர் தோளில் வீட்டுக்குக் கிளம்பிய பை. "ஐயோ, உள்ளயா இருந்தீங்க?" கையைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"பூட்டிட்டுப் போறியா நீ? அறிவில்ல?" மூச்சு வாங்கும்போதும் அவனுக்கு வாய் அடங்கவில்லை.

"நாலரைக்கு வந்து பாத்தேன் சார். வாசல்ல எதுவும் இல்ல. போயிட்டீங்கன்னு தாப்பா போட்டு, மெயினையும் அணைச்சேன். கேட்டு வரைக்கும் போயிட்டு, டிபன் டப்பாவ மறந்துட்டமேன்னு திரும்ப வந்தேன். வந்தா உங்க ஷூவு கெடக்குது. அதப் பாத்துத்தான் தொறந்தேன்."

மணிபாரதி திரும்பினான்.

கதவுக்கு வெளியே அவன் ஷூ. ஜோடியாக, ஒழுங்காக. இரட்டை முடிச்சு அவிழவே இல்லை.

குனிந்து தன் காலைப் பார்த்தான்.

ரப்பர் செருப்பு. சிவப்பு ஒயர்.

ஐந்து மணிக்குச் சென்னையிலிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. ஐந்து ஐந்துக்கு மேனேஜர் கூப்பிட்டார். அதையும் எடுக்கவில்லை. வேலை போனது. லேப்டாப்பை எடுக்கக்கூட அவன் உள்ளே போகவில்லை. செருப்பைக் கழற்றிக் கதவோரம் வைத்துவிட்டு, ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு கேட்டு வரைக்கும் நடந்தான். செல்வநாயகி கூடவே வந்தார். அங்கேதான் கேட்டான்.

"யாரோடது அது?"

"திருமால்னு ஒருத்தரு. சூளையில சரக்கு அடுக்குறவரு. பதினோரு வருஷம் ஆகுது. உள்ள இருக்கும்போதே கதவ மூடிப் பத்த வச்சிட்டாங்க."

"செருப்பு வெளிய இல்லையா?"

செல்வநாயகி தோள் பையைக் கீழே இறக்கி வைத்தார்.

"இருந்துது. அன்னைக்கு இன்ஸ்பெக்டரு வராருன்னு வாசலப் பெருக்கச் சொன்னாங்க. அசிங்கமா கெடக்குதேன்னு ஓரமாத் தள்ளி வுட்டது நாந்தான்."

மணிபாரதிக்கு அன்று மத்தியானம் தான் எத்தியது ஞாபகம் வந்தது. அவரைத் திட்ட வாய் வரவில்லை.

"அப்ப தெனம் அத வாசல்ல வைக்கிறது நீங்கதானா?" முதல்முறையாக அவருக்கு 'நீங்க' போட்டான்.

"இல்லிங்க" என்றார் அவர். "காரியம் முடிஞ்ச அன்னைக்கே, கண்ணுல படக் கூடாதுன்னு, நானே அத அடுப்புல போட்டு எரிச்சேன். சாம்பலாப் போற வரைக்கும் நின்னு பாத்தேன். மறுநாள் காலையில சூளை வாசல்ல கெடந்துது."