கறுத்துப்போன பிளேன்டீ

அத்தையைப் பெண் பார்க்க நோட்டன் பிரிட்ஜிலிருந்து ஆட்கள் வந்தது தீபாவளிக்கு அடுத்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. அப்போது நான் தரம் நான்கில் இருந்தேன். அந்த வாரம் முழுக்க மழை. மண் சரிந்து, மலை ஊற்றிலிருந்து தண்ணீர் வரும் பீலிக் குழாய் உடைந்திருந்தது. தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் கிடந்த பழைய இரும்புப் பீப்பாயில் நிறைந்த மழைத் தண்ணீரை எடுத்துத்தான் அம்மா பால் சேர்க்காத பிளேன்டீ ஊற்றினார். பார்வைக்குத் தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

பெண் பிடிக்காவிட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மாப்பிள்ளையின் தாய் தேநீரைத் தொடாமல் எழுந்துவிடுவார், அவ்வளவுதான். ஏற்கெனவே இரண்டு இடத்தார் அப்படி எழுந்து போயிருந்தார்கள்.

அத்தை தட்டோடு வாசல் வெளிச்சத்துக்கு வந்தபோதுதான் தெரிந்தது. கண்ணாடிக் கோப்பைகளில் இருந்தது மை.

"தேயிலைக்குள்ளேயே கெடக்கிறீங்க, ஒரு தேத்தண்ணி ஊத்தத் தெரியலயா?" என்றார் மாப்பிள்ளையின் தாய். "நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல கறுப்ப நீட்டுறீங்களே!"

கோப்பையைத் தள்ளி வைத்தார்.

மாப்பிள்ளை தலவாக்கலையில் விஞ்ஞானம் படிப்பிப்பவர். கோப்பையை உயர்த்திப் பார்த்துச் சிரித்தார். "இரும்புத் தண்ணியாக்கும். தேசிக்காய் இருக்குங்களா?"

அத்தை எலுமிச்சையைக் கொண்டுவந்து அவர் கோப்பையில் தானே பிழிந்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மை கலைந்து தேன் நிறமானது.

"கறுப்பு எங்க போச்சுங்க மாமா?" என்றேன்.

"அதுக்குள்ள மாமாவா?" என்றார் அவருடைய தாய்.

மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். "அணுவோட வெளிச்சுத்துல இருக்கிற இலத்திரன்ங்கிற துணுக்குகள வச்சுத்தான் ஒண்ணோட ஒண்ணு சேரும். தேயிலச் சாயத்துல உள்ள ஒட்சிசன், தன்னோட வெளிச்சுத்து இலத்திரன் ரெண்ட இரும்போட பங்கு போட்டுக்கிச்சு. அந்தச் சேர்க்கதான் கறுப்பு. புளிப்பு வந்ததும் இரும்பு அத விட்டுட்டுப் புளிப்போட சேந்துக்கிச்சு."

"அப்ப சாயம் தனியா நிக்குதாக்கும். பாவம்," என்றார் அத்தை.

"தனியா இல்லீங்க. இரும்பு விட்ட எடத்துல ஐதரசன் வந்து ஒட்டிக்கும்."

அந்த அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தள்ளி வைத்த கோப்பையை இழுத்தார். "எனக்கும் ரெண்டு சொட்டு புழிம்மா. நல்ல வாய்க்காரிதான் நீ."

அவர் குடிக்கிறாரா என்று வீடே பார்த்திருந்தது. நான் பார்க்கவில்லை. மீதிக் கோப்பை ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, சொட்டுச் சொட்டாகத் தேசிக்காய்ச் சாறு விட்டேன். கண்ணுக்கே தெரியாத ஒன்று இன்னொன்றின் பிடியை விட்டு வேறொன்றைப் பிடிக்கிறது. அது என் கைக்குள் நடக்கிறது. மூச்சுவிடவும் பயமாக இருந்தது.

உள்ளே தை மாதத்தைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பொங்கலுக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறதே, அதற்குள் என்ன அவசரம் என்று நினைத்தபடி அடுத்த சொட்டை விட்டேன்.